நிர்வாக இயக்குநர், கூடைப் பிரிவு

வங்கி வேலையில் ஓய்வு பெற்றவனுக்குப் பென்ஷன் தவறாமல் வரும். கையெழுத்துக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த அந்த நாட்களில்தான் என் மனைவி வயர்கூடை பின்னுவது என் கண்ணில் பட்டது. முப்பது வருஷமாகப் பின்னுகிறாள். கண்ணில் பட்டது அன்றுதான்.

"இதை ஆன்லைன்ல வித்தா என்ன?"

"யாரு விக்கிறது?"

"நான் இருக்கேனே."

அவள் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் என் வழக்கம். அன்று மாலையே என்னை நிர்வாக இயக்குநராக நியமித்துக்கொண்டேன். போட்டியின்றித் தேர்வு.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்ள வேண்டுமல்லவா? சாதா முடிச்சு, பிஸ்கட், நெல்லிக்காய், சிவன் கண் என்று முடிச்சில் ஜாதிகள் உண்டாம். அளவு சொல்வது வயர் கட்டை வைத்து: ஒரு ரோல் கூடை, இரண்டு ரோல் கூடை. அடி போட்டு, சுற்று ஏற்றி, விளிம்பு மடக்கி, கைப்பிடி வைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் வால்களை உள்ளே சொருகி முடிப்பதற்குள் மதியத் தூக்கங்கள் பல பலியாகின்றன. அவளுடையவைதான். விலை வைப்பதற்காக, "மணிக்கு என்ன கூலி போடலாம்?" என்று கேட்டேன். "சமையலுக்கு எவ்வளவு போட்டிருக்கீங்களோ, அதையே போடுங்க" என்றாள். ஆக, கூலி சேர்க்காமலே விலை நிர்ணயமாயிற்று.

படம் எடுக்க மொட்டை மாடி. நல்ல வெயில், நல்ல கூடை. முதல் விசாரணை ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது: "பின்னாடி கொடியில தொங்குற லுங்கி என்ன விலை?"

விலையைப் படத்தின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும், "விலை என்ன சிஸ்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். "நான் சிஸ் இல்லை, நிர்வாக இயக்குநர்" என்று ஒருவருக்குப் பதில் எழுதினேன். "சரி சிஸ்" என்று வந்தது. இன்னொருவர், இது பிளாஸ்டிக்தானே, சுற்றுச்சூழல் என்னாவது என்று மடக்கினார். ஒருமுறை பயன்படுத்தி எறிகிற பிளாஸ்டிக் பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்ததையும், என் மாமியார் பின்னிய கூடை இன்றும் ரேஷன் கடைக்குப் போய் வருவதையும் இணைத்து, நான்கு பத்தியில் விளக்கம் அனுப்பினேன். படித்துவிட்டு அவர் மஞ்சப்பை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

சட்டத்தையும் விடவில்லை. ஆன்லைன் சந்தையில் சரக்கு விற்பவர் ஒரே ஒரு கூடை விற்றாலும் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம் என்றுதான் 2017-இல் ஆரம்பித்தார்கள். மாநிலத்துக்குள்ளேயே விற்கிற சிறு வியாபாரிகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் விலக்கு, விற்றுமுதல் ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டாதவரை. எங்கள் கூடை ஓசூரைத் தாண்டக்கூடாது என்று அன்றே உத்தரவு போட்டேன். 40 லட்சத்தைத் தாண்டிவிட்டால் என்ன செய்வது என்ற கவலையில் அன்றிரவு தூக்கம் வரவில்லை. அதுவரை எங்கள் விற்றுமுதல், என் தங்கை எடுத்துப் போன ஒரு கூடை. அதற்கும் அவள் இன்னும் பணம் தரவில்லை.

பிறகு உண்மையாகவே ஒரு ஆர்டர் வந்தது, கோயம்புத்தூரிலிருந்து. இரண்டு ரோல், சிவன் கண், மாம்பழ மஞ்சளில் பச்சைக் கோடு. எடை முக்கால் கிலோகூட இல்லை. நசுங்காமல் போக வேண்டுமே என்று பெரிய அட்டைப்பெட்டி தேடி, செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, பெட்டியே தெரியாத அளவுக்கு டேப் சுற்றிக் கூரியர் கடைக்குத் தூக்கிப் போனேன். பையன் தராசில் வைத்தான், உதட்டைப் பிதுக்கினான், டேப் எடுத்து அளந்தான். நீளம் 40 சென்டிமீட்டர், அகலம் 30, உயரம் 35. மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்தான். "எட்டே கால் கிலோவுக்கு மேல வருது சார். 8.4."

"தம்பி, கூடை மொத்தமே முக்கால் கிலோ."

"அது கூடையோட எடை சார். இது பெட்டி அடைக்கிற இடத்தோட எடை. எது அதிகமோ அதுக்குத்தான் சார்ஜ்."

அதாவது கூடைக்குள் இருக்கும் காற்றையும் நான் கோயம்புத்தூருக்கு டிக்கெட் எடுத்து அனுப்ப வேண்டும். அந்த ஊரில் காற்றுக்கு என்ன பஞ்சம்? பாலக்காட்டுக் கணவாய் வழியாக அது பாட்டுக்கு இலவசமாக வந்துகொண்டிருக்கிறது. வங்கியில் எத்தனையோ கணக்குப் பார்த்தவன் நான். காற்றைப் பற்று வைத்தது இதுதான் முதல் தடவை. அனுப்பும் செலவு கூடை விலையை எட்டிப்பிடித்தது.

வீட்டுக்கு வந்ததும் ஒரு திட்டம் அறிவித்தேன். பெரிய கூடைக்குள் நடுக்கூடை, நடுக்கூடைக்குள் குட்டிக்கூடை. மூன்றும் ஒரே பெட்டியில். "மூன்று வாங்கினால் காற்று இலவசம்" என்று விளம்பரமும் போட்டேன். ஊதுகிற பொம்மையா என்று ஒருவர் கேட்டார்.

மனைவி நிமிர்ந்து பார்க்காமல் ஒரு சுற்றை முடித்துவிட்டுச் சொன்னாள்: "கூடையா அனுப்பினாத்தானே காத்து? வயராவே அனுப்புங்க."

அப்படியே ஆயிற்று. நீளம் அளந்து வெட்டிய வயர், கைப்பிடிக்கு டியூப், கூடவே அவள் சொல்லிக்கொடுக்கிற வீடியோ. இறுக்கிக் கட்டினால் சின்னப் பெட்டிக்குள் அடங்கிவிடுகிறது. கூரியர் பையன் டேப்பை எடுத்தாலும் எனக்கு இப்போது நெஞ்சு அடிப்பதில்லை. கூடையை வாங்கத் தயங்கியவர்கள் கூடை பின்ன மட்டும் எப்படித்தான் கிளம்பி வருகிறார்களோ! அவளுடைய மதியத் தூக்கமும் திரும்பிவிட்டது.

பாரிமுனைக்குப் போய் வயர் எடுப்பது, முழம் போட்டு வெட்டுவது, பெட்டி கட்டுவது எல்லாம் நிர்வாக இயக்குநர் பொறுப்பு. வீடியோவிலும் எனக்கு இடம் உண்டு. சிவன் கண் எப்படி வரவேண்டும் என்று அவள் காட்டுவாள். எப்படி வந்துவிடக்கூடாது என்பதற்குப் பக்கத்தில் நான் பின்னிக்கொண்டிருப்பேன். "அங்கிள் போட்டது எனக்கும் அப்படியே வந்திருக்கு" என்று எழுதுகிறவர்கள் பெருகிவருகிறார்கள். அந்தத் தைரியத்தில் போன வாரம் சம்பளம் கேட்டேன். கைப்பிடி வைக்கக் கற்றுக்கொண்ட பிறகு பரிசீலிக்கப்படுமாம்.