கூடு கொத்தனாருக்கு, குடித்தனம் நமக்கு

கேள்வி: சுவரும் தளமும் எழுப்ப மட்டும் மேஸ்திரிக்கு ஒப்பந்தம் கொடுத்துவிட்டு, பூச்சு முதல் வர்ணம் வரை நானே முடித்துக்கொள்ள உத்தேசம். உறவினர் நகைக்கிறார்கள். தாங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– ஒரு வாசகர், திருத்தணி

பதில்: நகைப்பவர்கள் அரும்பாக்கத்தையும் வில்லிவாக்கத்தையும் அறியார் போலும். உலக வங்கியின் கடனுதவியுடன் 1977-ல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில், எளிய குடும்பங்களுக்கு அங்கே அளிக்கப்பட்டது பூரணமான வீடன்று. மனையும், குடிநீர், சாக்கடை வசதியும், கழிப்பறையோடு கூடிய சிறு தொடக்கமுமே கிடைக்க, மிச்சத்தை அவரவர் சம்பாத்தியத்துக்கேற்ப, வருஷக்கணக்கில், தாங்களே எழுப்பிக்கொண்டார்கள். அந்த மனிதர்களிடம் எனக்கு அளவற்ற மரியாதை உண்டு.

ஆகவே துணிந்து செய்யுங்கள். ஆந்திரத்தில் சேர்ந்திருந்த தங்கள் ஊரே 1960 ஏப்ரல் 1-ல்தான் சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. அத்தனை காலம் காத்திருந்த ஊரில், ஒரு சுவரின் வர்ணம் இரண்டு தீபாவளி காத்திருப்பதில் தோஷமில்லை. முதலில் கழிப்பறையையும் வாசற்கதவையும் முடித்துவிட்டுக் குடியேறுங்கள்.

தளத்தில் மட்டும் அவசரம் கூடாது. கம்பி கட்டி முடிந்ததும், கான்கிரீட் கொட்டுவதற்கு முன்பாக, மின்விசிறிக் கொக்கியும் மின்குழாய்களும் உரிய இடத்தில் இருக்கின்றனவா என்று தாங்களே ஏறிப் பாருங்கள். இறுகிய தளத்தைப் பின்னர் குடைவது பெருந்துன்பம். தங்கள் ஊர்த் தணிகைமலையின் 365 படிகளில் நடுவே அமர்ந்து இளைப்பாறலாம். ஆனால் கான்கிரீட் கொட்டியபின், அது வலுப்பெறும் வரை, தளத்தின்மேல் பாத்தி கட்டித் தேக்கிய நீர், திருத்தணி வெயிலில், ஒரு பகல்கூட வற்றலாகாது.