ஏன் டாக்டர், ரத்தம்?

1942இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மயக்க மருத்துவர்களான ஆடம்ஸும் லண்டியும், ஹீமோகுளோபின் எட்டிலிருந்து பத்து கிராமுக்குக் கீழே போனால் அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தம் ஏற்றுவது நல்லது என்று எழுதினார்கள். உலகம் எட்டை மறந்து பத்தைப் பிடித்துக்கொண்டது. அரை நூற்றாண்டு யாரும் பெரிதாக ஏனென்று கேட்கவில்லை. கேட்டால் சீனியர் முறைப்பார்.

1999இல் கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஏழு வரை பொறுத்தவர்களுக்கு ஒன்றும் மோசமாகிவிடவில்லை. டாக்டர்கள் படித்தார்கள், தலையாட்டினார்கள், ஒன்பது இருந்தவருக்கு இரண்டு பை எழுதினார்கள். ஒன்று நோயாளிக்கு, இன்னொன்று டாக்டரின் மனநிம்மதிக்கு.

2010இல் ஸ்டான்ஃபோர்டு மருத்துவமனை கம்ப்யூட்டரை இறக்கியது. ரத்தத்துக்கு ஆர்டர் போட்டதும் திரையில் ஒரு பெட்டி முளைக்கும். நோயாளியின் கடைசி ஹீமோகுளோபின் அளவைக் காட்டி, "காரணம்?" என்று கேட்கும். தடுக்காது, கேட்கும், அவ்வளவுதான். சில ஆண்டுகளில் சிவப்பணுச் செலவு ஏறத்தாழ கால்பங்கு குறைந்தது.

ஆராய்ச்சிக்கு மசியாதவர்கள் டைப் அடிக்கச் சோம்பல்பட்டுத் திருந்தினார்கள். மருத்துவ வளர்ச்சியில் சோம்பலின் பங்கை யாராவது ஆராயலாம். அதற்கும் ஃபாரம் நிரப்பச் சொல்வார்கள் என்பதுதான் சிக்கல்.