கேள்வி-பதில்: ஈதருக்கு ஒரு போர்வை

? ஈதர்தான் ஏற்கெனவே கிரிப்டோ பணமாயிற்றே, அதை எதற்கு ‘ராப்’ செய்து போர்த்த வேண்டும்?
– நகைக்கடை ஊழியர், கோவை

ஈதரின் நெட்வொர்க்கான எதெரியம் 2015 ஜூலையில் ஓடத் தொடங்கியது. டோக்கன்களுக்கான ஈஆர்சி-20 என்ற பொது விதி அந்த நவம்பரில்தான் முன்மொழியப்பட்டது. விதிக்கு முன்பே பிறந்துவிட்டதால் ஈதர் அதற்குள் அடங்காது. அந்த விதியை எதிர்பார்க்கும் செயலிகளில் பயன்படுத்துவதற்காக, ஹோட்டல் கல்லாவில் காசு கொடுத்து டோக்கன் வாங்குவதுபோல, ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்ற தானியங்கி நிரலிடம் ஒரு ஈதரைக் கொடுத்து ஒரு ‘வெத்’ (ராப் செய்த ஈதர்) வாங்குகிறார்கள். வேண்டாமென்றால் திருப்பிக் கொடுத்து ஈதரை வாங்கிக்கொள்ளலாம். ஹோட்டல் டோக்கனை அப்படித் திருப்பிக் கொடுத்துப் பாருங்கள், கல்லாக்காரர் முகம் போகும் போக்கை!

? இந்த ராப் வேலைக்கு ஏஐ ஏஜென்டை வைக்கிறார்களாமே, எதற்கு? பட்டனை நானே அழுத்த மாட்டேனா?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், மதுரை

நீங்கள் அழுத்துவீர்கள். ‘இந்த விலை வந்தால் வாங்கி வை’ என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போகிறவர்களுக்குத்தான் ஏஜென்ட். இப்படிப்பட்ட ஏஜென்ட்களை உருவாக்க உதவும் காயின்பேஸின் ஏஜென்ட்கிட்டிலேயே ஈதரை ராப் செய்யும் டூல் உண்டு. அந்த மாதிரி டூலைப் பற்றி ஏஜென்டுக்குச் சொல்லப்படுவது இவ்வளவுதான்: பெயர், சில வரி விளக்கம், என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற பட்டியல்.

? மேனுவலை யாருமே படிப்பதில்லை. டூல் விளக்கத்துக்கு மட்டும் இவ்வளவு மெனக்கெடல் தேவையா?
– டாகுமென்டேஷன் எழுதுபவர், சென்னை

வாழ்த்துகள்! ஒரு வரி விடாமல் படிக்கும் வாசகர் உங்களுக்குக் கிடைத்துவிட்டார்: ஏஜென்ட். ஒரே ஒரு சிக்கல். மனிதருக்குச் சந்தேகம் வந்தால் பக்கத்து சீட்டில் கேட்பார். ஏஜென்ட் பல சமயம் தானே ஊகித்துக்கொள்ளும். நீங்கள் எழுதாமல் விட்டதை அது நிரப்பும். போவது பயனரின் பணம்.

? எதை எழுதாமல் விட்டால் ஆபத்து?
– கல்லூரி மாணவி, திருச்சி

முதலில் அலகு. ஒரு ஈதர் என்பது ஒன்றுக்குப் பின்னால் 18 பூஜ்யம் போட்ட அத்தனை வெய். கான்ட்ராக்டுக்குத் தெரிந்தது வெய் மட்டும். மனிதர்கள் பேசுவது ஈதரில். வெறுமனே ‘தொகை’ என்று எழுதினால் ‘அரை ஈதர்’ எப்படிப் போய்ச் சேரும் என்பது அதிர்ஷ்டம். ‘வெய்யில், தசமப் புள்ளி இல்லாமல், ஸ்ட்ரிங்காகத் தரவும். உதாரணம்: அரை ஈதருக்கு 500000000000000000’ என்று எழுதுங்கள். ஏன் எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்து வரிசையாக? ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் சுமார் 9,007 லட்சம் கோடி வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்துக்கொள்ளும். கேட்கப் பெரிய தொகைதான். வெய்யில் அது ஒரு ஈதரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. எல்லா டோக்கனுக்கும் 18 பூஜ்யம் என்றும் கிடையாது. யுஎஸ்டிசி என்ற டாலர் டோக்கனுக்கு ஆறு.

? ‘இருக்கிற ஈதர் முழுவதையும் ராப் செய்’ என்று சொல்லிவிட்டால்?
– ஜவுளி மொத்த வியாபாரி, ஈரோடு

எதெரியத்தில் ஒவ்வொரு பரிவர்த்தனைக்குமான கேஸ் கட்டணத்தை ஈதராகத்தான் கட்ட வேண்டும்; வெத் செல்லாது. முழு இருப்பையும் அனுப்பினால் கட்டணத்துக்கு மிச்சமில்லாமல் அந்தப் பரிவர்த்தனையே நடக்காது. கெட்டிக்கார ஏஜென்ட் கட்டணத்தை மட்டும் கச்சிதமாகக் கழித்துவிட்டு மறுபடி அனுப்பும். அது நடந்துவிடும். அப்புறம் வெத்தைத் திரும்ப ஈதராக்கவும் கட்டணத்துக்கு ஈதர் இருக்காது. ‘கேஸுக்கு இவ்வளவு ஒதுக்கி வை’ என்ற ஒரு வரி இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத் தடுத்திருக்கும்.

? வெத்தை ஈதராக்க, அதைக் கான்ட்ராக்ட் முகவரிக்கே அனுப்பினால் போதாதா?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

அம்மா, அதை மட்டும் செய்துவிடாதீர்கள்! ஈதரை அந்த முகவரிக்கு அனுப்பினால் வெத் வரும். ஆகவே வெத்தை அனுப்பினால் ஈதர் வரும் என்று நினைப்பது நியாயம்தான். வராது. போனது போனதுதான். ‘வித்ட்ரா’ என்ற ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டும். இப்படித் தொலைந்த வெத் இன்றைக்கும் அந்த முகவரியில் ஊரறியக் கிடக்கிறது. ஒழுங்காக யோசிப்பவர்கள்தான் இந்தப் பள்ளத்தில் விழுவார்கள். ஏஜென்டும் ஒழுங்காகவே யோசிக்கும்.

? ராப் செய்த டோக்கன் என்றாலே பத்திரமா?
– காப்பீட்டு முகவர், நாகர்கோவில்

போர்வைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எதெரியத்தின் வெத்துக்கு ஈடான ஈதர் கான்ட்ராக்டிலேயே இருக்கிறது. ஆனால் 2022 பிப்ரவரியில், நெட்வொர்க்குகளை இணைக்கும் வார்ம்ஹோல் பாலத்தில் நுழைந்த ஒருவர், உள்ளே ஈதர் வைக்காமலேயே 1,20,000 ராப்டு ஈதரை உருவாக்கினார். மதிப்பு 30 கோடி டாலருக்கும் மேல். ஆகவே எந்த நெட்வொர்க், எந்தக் கான்ட்ராக்ட் என்பதை டூலிலேயே பதித்துவிடுங்கள். முகவரியைத் தேர்ந்தெடுக்கும் வேலையை ஏஜென்டிடம் விட்டால், எவனோ விஷமத்துக்கு எழுதிவைத்த முகவரியை நம்பி அனுப்பிவிடக்கூடும்.

? ராப் செய்தால் கிரிப்டோ லாபத்துக்கான 30 சதவீத வரியிலிருந்து தப்பலாமா?
– ஆடிட்டர் அலுவலக உதவியாளர், சேலம்

போர்த்தினாலும் அது மெய்நிகர் சொத்துதான். 2022 ஏப்ரலில் வந்த வரி, போர்வையைப் பார்த்து ஏமாறாது.

? நல்ல டூல் விளக்கத்துக்கு ஒரே வரியில் இலக்கணம் சொல்லுங்கள்.
– கவிஞர், புதுச்சேரி

என்ன செய்யும், எந்த அலகில், எதை மிச்சம் வைத்து, எப்போது செய்யாமல் பயனரைக் கேட்க வேண்டும். ஒரு வரிக்குள் அடங்கவில்லை, மன்னிக்கவும். ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று நினைத்தவர்கள் எழுதிய விளக்கங்களால்தான் இத்தனை கேள்விகளும்.