ஷரத்துச் செல்வர்

பொம்மசந்திராவிலே குடியிருக்கும் தமிழர்களைப் பலவாறாகப் பிரிக்கலாம் என்றாலும், சனிக்கிழமை மாலை தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்தவுடன் மோட்டார் சைக்கிளில் ஏறி, அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிக் கிருஷ்ணகிரிக்கோ தருமபுரிக்கோ பறந்துவிடுகிறவர்கள் ஒரு ரகம், அப்படிப் பறக்கும்போது நடுவழியில் வண்டி நின்றுபோனால் யார் வந்து தூக்குவார் என்று விசாரித்துக்கொண்டே வாரக் கடைசியைக் கழித்துவிடுகிறவர்கள் மற்றொரு ரகம் என்று இரண்டே பிரிவில் அடக்கிவிடுவது சௌகரியம். முதல் ரகத்தாரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். இரண்டாம் ரகத்தாரின் திலகமாக எங்கள் தெருவிலே விளங்கும் ஷரத்துச் செல்வரைப் பற்றித்தான் இங்கே பிரஸ்தாபம்.

செல்வருக்கு ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸ் பிரிவிலே உத்தியோகம். பதினாறு வருஷம் நட்டும் போல்ட்டும் எண்ணிய விசேஷத்தாலோ என்னவோ, எந்தப் பொருளானாலும் கையிருப்பு எத்தனை என்று தெரிந்துகொள்ளாமல் அதைத் தொடுவதில்லை என்பது அவருடைய சங்கல்பம். அவருடைய மோட்டார் சைக்கிளோ நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு வாசலில் யோகநித்திரை செய்யும். அது ஓடினால் கிடைக்கும் சுகத்தைவிட, நின்றால் கிடைக்கக்கூடிய சேவையிலேதான் அவருக்கு ஈடுபாடு அதிகம்.

சாலையோர உதவி என்றவுடன் சாதாரண ஜனங்கள், "அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று பிரீமியத்தோடு ஒரு சிறு தொகையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். செல்வர் ஏஜெண்டை உட்காரவைத்து, காபி கொடுத்து, பிறகு தொடங்குவார்: "இத்தனை கிலோமீட்டர் இலவசமாக ஏற்றிப் போவோம் என்கிறீர்களே, அது உங்கள் வண்டி புறப்படும் இடத்திலிருந்தா, என் வண்டி நிற்கும் இடத்திலிருந்தா? போக மட்டுமா, போக வரவா? பெட்ரோல் கொண்டுவந்து தருவோம் என்றால் கொண்டுவருவது மட்டும் இலவசமா, பெட்ரோலுமா? ட்யூப்லெஸ் டயர் என்றால் நின்ற இடத்திலேயே பஞ்சரை அடைத்துவிடுவீர்கள். என்னுடையது ஸ்போக்ஸ் சக்கரம், ட்யூப் டயர். நட்ட நடு ரோட்டிலே சக்கரத்தைக் கழற்ற உங்கள் ஆளுக்கு அதிகாரம் உண்டா?" ஏஜெண்டு இரண்டாம் காபியை எதிர்பார்க்காமல் எழுந்துவிடுவார்.

இக்கேள்விகளில் ஒன்றேனும் அசட்டுத்தனமானது என்று நான் சொல்லமாட்டேன். மூன்றாம் நபருக்கான கட்டாய இன்ஷூரன்ஸை மாத்திரம் வைத்திருப்பவருக்கு இந்த உபரிப் பாதுகாப்பைச் சாதாரணமாக ஒட்டிக்கொடுப்பதில்லை என்பதும், ஆள் வருவது இலவசமானாலும் மாற்றிப் போடும் சாமானுக்குக் காசு நம்முடையதே என்பதும், வருஷத்துக்கு இத்தனை தடவைதான் என்று கணக்கு உண்டு என்பதும், புது வண்டியானால் கம்பெனியே சில காலத்துக்கு இந்த உதவியைக் கொடுத்திருக்கக்கூடும் என்பதும் எனக்கு அவரால் வந்த ஞானமே. விபத்துக்குள்ளான இருசக்கர வண்டியைப் பக்கத்து மெக்கானிக்கிடம் சேர்ப்பித்துத் திருப்பித் தரும் செலவுக்கு, வழக்கமான பாலிசி வாசகத்திலே 300 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியிருப்பதைக் கண்டுபிடித்த அன்று அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை. "300 ரூபாய்க்குக் குட்டி யானைக்காரன் வண்டியை ஏற்றுவானா, எட்டிப் பார்த்துவிட்டுப் போவானா? அதுவும் விபத்துக்குத்தானாம், சிவனே என்று நின்றுபோன வண்டிக்கு அதுவும் கிடையாதாம்!" என்று என் வீட்டுத் திண்ணையில் வந்து புலம்பினார்.

பெங்களூரிலே டோயிங் என்ற சொல்லுக்கு ஒரு பூர்வகதை உண்டு. நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்திய ஸ்கூட்டர்களையும் மோட்டார் சைக்கிள்களையும் லாரியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போக்குவரத்துப் போலீஸாரிடம் ஒப்புவிக்கும் வழக்கம், ஜனங்களின் ஆட்சேபம் மிகுந்துபோனபடியால் 2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. ஊரே நிம்மதி அடைந்த அந்தச் சமாசாரத்தைக் கேட்டு வருத்தப்பட்ட ஒரே ஜீவன் செல்வர்தான். "கூப்பிடாமலே வந்தான், ஷரத்துப் பேசாமல் தூக்கினான், வண்டி எங்கேயிருக்கிறது என்றும் சொன்னான். அவனைப் போய் நிறுத்திவிட்டார்களே!" என்பார்.

நானும் என்னால் இயன்ற ஆறுதலைச் சொல்லிப் பார்த்தேன். தேசிய நெடுஞ்சாலையில் அகப்பட்டுக்கொண்டால் 1033 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாமே என்றேன். "சர்வீஸ் ரோட்டில் நின்றால்?" என்றார். அதுவும் போகட்டும், நின்றுபோன வண்டியின் ஃபுட்ரெஸ்டிலே பின்னால் வருகிறவர் ஒரு காலை நீட்டி ஊன்றி மெக்கானிக் கடை வரை தள்ளிக்கொண்டு போகும் சனாதனமான டோயிங் முறை ஒன்று இருக்கிறதே, அதற்குப் பிரீமியமும் இல்லை, முன்பின் பரிச்சயமும் வேண்டாமே என்றேன். "தள்ளுகிறவனும் விழுந்து நானும் விழுந்தால் யார் பாலிசியில் கிளெயிம்?" என்று கேட்டு என் வாயை அடைத்துவிட்டார்.

அவர் ஆராய்ச்சியைத் தொடங்கிய நாளில் ஓசூர் ரோட்டிலே வெறும் தூண்களாக நின்ற மெட்ரோ, 2025 ஆகஸ்ட் மாதம் 16 ஸ்டேஷன்களோடு பொம்மசந்திரா வரை ரயிலாகவே ஓடத் தொடங்கிவிட்டது. அதற்கும் சில மாதம் கழித்துத்தான், வருஷத்துக்கு நான்கு தடவை உதவி என்ற ஷரத்தோடு கூடிய ஒரு திட்டத்தில் செல்வர் கையெழுத்திட்டார்.

பொங்கலுக்கு முந்திய நாள் தெருவே திரண்டு பார்க்கத் தார்ப்பாய் விலகிற்று. சம்சாரம் பையோடு பின்னால் ஏறத் தயாராக நிற்க, வாரந்தோறும் சார்ஜ் ஏற்றிப் பரிபாலித்த பாட்டரியை நம்பி அவர் பொத்தானை அழுத்தினார். சப்தமே இல்லை. மறுபடி அழுத்தினார், மௌனம். அந்தக் கணத்தில் அவர் முகத்திலே தோன்றியது துக்கம் அல்ல என்பதை நான் சத்தியம் செய்து சொல்லுவேன்; கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்த பட்டுவேட்டியை உடுத்தும் நாள் வந்தவருக்கு உண்டாகும் பூரிப்பு அது. போனை எடுத்தார், பாலிசி நம்பரை மனப்பாடமாக ஒப்புவித்தார், வாசற்படியையே அடையாளமாகச் சொன்னார்.

முக்கால் மணி நேரத்தில் ஓசூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். வண்டியை ஒரு பார்வை பார்த்தான், வலது கைப்பிடியில் இருந்த சிவப்பு ஸ்விட்சை ஒரு விரலால் தட்டினான், பொத்தானை அழுத்தினான். வண்டி கர்ஜித்தது. "ஆஃப்ல இருந்துச்சு சார்," என்று சொல்லி, செல்போனில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவன் போய்விட்டான்.

செல்வர் லஜ்ஜைப்பட்டதாகத் தெரியவில்லை. "பார்த்தீர்களா, ஒரு பைசா வாங்கவில்லை!" என்று எங்களை நோக்கிக் கம்பீரமாகச் சொன்னார். அப்பொழுதுதான் அவருடைய சம்சாரம் வாயைத் திறந்தாள்: "என்னங்க, வருஷத்துக்கு நாலு தடவைன்னு சொன்னீங்களே, இதுலயே ஒண்ணு போயிடுச்சா?"

ஸ்டோர்ஸ்காரரின் முகம் வெளிறிப்போயிற்று. சட்டைப் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து, வரவு நான்கு, செலவு ஒன்று, கையிருப்பு மூன்று என்று எழுதினார். பாலிசி முடிய இன்னும் பத்து மாதம் கிடப்பதை விரல் விட்டு எண்ணினார். கிருஷ்ணகிரி போகவும் வரவும் எத்தனை மேம்பாலம், எத்தனை லாரி, எத்தனை ஆணி என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடி யோசித்தார். பிறகு, உறுமிக்கொண்டிருந்த இன்ஜினைத் தம் கையாலேயே அந்தச் சிவப்பு ஸ்விட்சைத் தட்டி அணைத்து, நீலத் தார்ப்பாயை மறுபடி போர்த்தி, நான்கு மூலையும் கயிறு கட்டி, சம்சாரத்தின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்தார்.