கொடிக்குப் பின்னே இருவர்

கணவன் மனைவியாக ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு மூன்றாவதாக ஒரு மனிதர் அவசியம். இல்லாவிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்பதிலேயே பாதி நாள் போய்விடும். கியோட்டோவில் நாங்கள் அமர்த்திக்கொண்ட மூன்றாம் மனிதர், எழுபதை நெருங்கும் ஓர் அம்மையார். கையில் சின்னக் கொடி. இரண்டே பேருக்குக் கொடி எதற்கு என்று கேட்டேன். "உங்களில் ஒருவர் நிச்சயம் புகைப்படம் எடுக்க நின்றுவிடுவார்" என்றார். மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஜப்பானில் 2018 வரை அரசுத் தேர்வு எழுதித் தேறியவர்கள்தான் காசு வாங்கிக்கொண்டு வெளிநாட்டவருக்கு மொழிபெயர்த்து ஊர் காட்டலாம் என்றிருந்தது. நம் அம்மையார் அந்தக் காலத்திலேயே தேறியவர். சரித்திரம், பூகோளம் எதைக் கேட்டாலும் ஆண்டோடு பதில் வரும். ஆனால் என் மனைவி, எந்தத் தேர்விலும் வராத கேள்விகளாகவே கேட்டாள்.

முதலில் ஃபுஷிமி இனாரி. 711-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் கோயில். 233 மீட்டர் உயர மலையில் ஆயிரக்கணக்கான செந்நிற வாயில்கள் வரிசையாக ஏறிப்போகின்றன. நான் அதன் ஆன்மிகத்தில் ஆழ்ந்திருந்தபோது மனைவி கேட்டாள்: "ஒரு வாசல் என்ன விலை?"

அம்மையார் அசரவில்லை. சிறியதற்கே சில லட்சம் யென், பெரியதற்குப் பத்து லட்சத்துக்கும் மேல். கொடுப்பவர்கள் பெரும்பாலும் வியாபாரிகளும் கம்பெனிகளும். இனாரி விளைச்சலுக்கும் வியாபாரத்துக்கும் தெய்வம். கொடுத்தவர் பெயரும் தேதியும் தூணின் பின்பக்கம் இருக்கும். அதனால் மலையேறும்போது தூண்கள் வெறுமையாகத் தெரியும். இறங்கும்போது பெயர்களாகவே தெரியும்.

நம் ஊர்க் கோயில் டியூப்லைட்டில், வெளிச்சம் வெளியே வர இடமில்லாமல் உபயதாரர் பெயர் எழுதியிருக்குமே, அதே சங்கதி. இவர்கள் மரியாதையாகப் பின்பக்கம் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். "மரம் உளுத்துப் போனா?" என்றாள் மனைவி. எடுத்துவிட்டு வேறொருவரின் வாயிலை நடுவார்களாம். "அப்போ டியூப்லைட்டே தேவலை" என்று தீர்ப்பளித்தாள். பாதி மலையில் அவளுடைய முழங்கால் தீர்ப்பளித்தது. இறங்கினோம்.

அடுத்தது சஞ்சூசங்கென்தோ. 1266-இல் திரும்பக் கட்டிய, 120 மீட்டர் நீள மர மண்டபம். உள்ளே கருணைத் தெய்வமான கன்னோனின் 1001 சிலைகள். ஒவ்வொன்றுக்கும் பதினோரு முகம், நாற்பது கை. முன்னால் 28 காவல் தெய்வங்கள். பிரம்மா, இந்திரன், கருடன் என்று நம்மவர்கள் பௌத்தத்தோடு கிளம்பி, சீனா வழியாக வந்து, வேற்று முகத்தோடு நிற்கிறார்கள். எனக்குப் புல்லரித்தது. படம் எடுக்கக் கூடாது என்பதால் மனைவிக்கும் இந்த இடம் மிகவும் பிடித்துப்போனது.

இந்தச் சிலைகளுக்குள் நாம் பார்க்க விரும்புகிறவரின் முகம் தென்படும் என்பது அங்கே ஐதீகம். மனைவி நிதானமாக நடந்து ஓரிடத்தில் நின்றாள்.

"என்னங்க, இதோ உங்க அம்மா."

"எப்படிச் சொல்றே?"

"பதினோரு முகம். ஒண்ணுகூட என்னைப் பார்த்துச் சிரிக்கலை."

சாப்பாட்டுக் கதை சுருக்கம்தான். ஜப்பானியச் சாறு என்றால் அடியில் பெரும்பாலும் கருவாட்டுச் சீவல் இருக்கும் என்று சைவக்காரர்களான எங்களை எச்சரித்த அம்மையார், துறவியர் சமையல் பரிமாறும் ஓர் இடத்துக்கு அழைத்துப்போனார். கடற்பாசி போட்ட வெந்நீரில் டோஃபு மிதந்தது. "தாளிக்க மறந்துட்டாங்களா?" என்ற மனைவி, கைப்பையிலிருந்து இட்லிப் பொடியை எடுத்தாள். அம்மையாரும் கொஞ்சம் தொட்டுக்கொண்டார். அதன்பின் நெடுநேரம் அவர் எந்த ஆண்டையும் சொல்லவில்லை.

மாலையில் கியோமிசு கோயில். ஏறும் தெருவில் கிமோனோ அணிந்த இரண்டு பெண்களை, ஜப்பானியக் கலாசாரம் என்று அனுமதி கேட்டுப் படமெடுத்தேன். நகர்ந்ததும் அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். அந்தத் தெருவில் பெரும்பாலும் வாடகைக் கிமோனோதான் என்று அம்மையார் பிறகு சொன்னார். முன்பே சொல்லியிருக்கலாம்.

கோயிலின் மர மேடை 13 மீட்டர் உயரம். அங்கிருந்து குதித்துப் பிழைத்தால் நினைத்தது நடக்கும் என்று, ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் குதித்திருக்கிறார்கள். பதிவேட்டில் 234 குதிப்புகள். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் பிழைத்தார்களாம். 1872-இல் தடை வந்தது. "பிழைச்சவங்களுக்கு நினைச்சது நடந்ததா?" என்றாள் மனைவி. அந்தக் கணக்கை யாரும் எடுக்கவில்லை போலும்.

கீழே ஓர் அருவி, குடித்தால் வரம் தரும் மூன்று தாரை: ஆயுள், கல்வி, காதல். மூன்றையும் குடிப்பது பேராசை. அம்மையார் காதல் தாரையைப் பிரியமாகக் காட்டினார். மனைவி நேராக ஆயுளுக்குப் போனாள். "இவரோட குப்பை கொட்ட ஆயுசு கெட்டியா இருந்தாப் போதும்!" என்னைக் கல்விப் பக்கம் தள்ளிவிட்டாள். அம்மையார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

விடைபெறும்போது டிப்ஸ் நீட்டினேன். குனிந்து வணங்கி மறுத்தார். மீதிப் பொடியை மனைவி நீட்டினாள். இரு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கியோட்டோவில் சுமார் 1,600 புத்தக் கோயில்கள் இருக்கின்றன. போகிறவர்கள் ஒரு நாளுக்கு மூன்று இடத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். பொடி மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே கட்டிக்கொள்ளுங்கள்.