நிழல் பார்த்து நிறுத்துங்க மாப்ளே

பழைய கார் வைத்திருப்பவன் பெரிய பணக்காரன் என்று தில்லியில் யாரோ முடிவுகட்டிவிட்டார்கள். 20 வருஷம் தாண்டிய காருக்கு ஆர்சி புதுப்பிக்க 5,000 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். ஜிஎஸ்டி தனி. பசுமை வரி தனி. கடைசி நிமிஷத்தில் வண்டிக்குப் பூசிய பெயின்ட் தனி. இதையெல்லாம் கட்டிவிட்டு வந்த சூடு இன்னும் ஆறவில்லை. என் ஆம்னி வேனை ஏற இறங்கப் பார்த்த பழைய இரும்புக் கடைக்காரர், எடை போடாமலேயே ஒரு விலை சொன்னார். அந்த விலையில் இந்தக் கட்டணத்தை இரண்டு தடவை கட்டலாம், அவ்வளவுதான்.

“பேசாம இதத் தள்ளிவிட்டுட்டு டீசல்ல ஒரு டிராவலர் வாங்குங்க மச்சான்” என்றான் மச்சினன். வண்டியை மாதம் ஒரு முறை இரவல் வாங்குகிறவன் அவன். பெட்ரோலை விட்டு ஏன் டீசலுக்கு மாறக்கூடாது என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருக்கிறது. கேட்டால் மறுபேச்சு வராது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன் வண்டியைப் பற்றி இரண்டு வார்த்தை.

1984-இல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, நாலு வருஷம் கழித்து ஆம்னி என்று பெயர் மாறி, 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி. தமிழ் சினிமாவில் கதாநாயகியைக் கடத்த வில்லன்கள் அனுப்பியது இதைத்தான். நான் கடத்துவது மாமனார், அத்தை, மனைவி, பிள்ளைகள், இட்லிக் கொப்பரை, 20 லிட்டர் தண்ணீர் கேன், பாய், தலையணை, அஞ்சு கிலோ சிலிண்டர், ஒற்றை அடுப்பு, அதன்மேல் மூடி போட்டு ஒரு தூக்குச் சட்டி புளியோதரை. பின் சீட்டை மடக்கிப் பலகை போட்டால் இரண்டு பேர் படுக்கலாம். ஜன்னலுக்குத் திரை உண்டு. கழிப்பறை, ஏசி, கண்ணாடி சுற்றிலும் பல்பு எல்லாம் வைத்து நடிகர்களுக்கு நிறுத்துகிறார்களே, அந்தக் கேரவனுக்கு ஏஐஎஸ் 124 என்று தனித் தரவிதியே இருக்கிறது. கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கையே வெளியிட்டது. எங்களுக்கு விதியும் இல்லை, கொள்கையும் இல்லை. அனுமதி இல்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்வதால், பலகையை எஃப்சி-க்கு முதல் நாள் இறக்கி மாடிப்படிக்கு அடியில் வைப்போம். பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்டால் அது அரிவாள்மனைப் பலகை. கொஞ்சம் நீளமான அரிவாள்மனை.

இன்னொன்று. ஆம்னி என்றாலே செக்போஸ்ட்டில் “கேஸ் வண்டியா?” என்றுதான் முதல் கேள்வி. வீட்டு சிலிண்டரிலிருந்து காருக்கு ஏற்றி ஓட்டிய புண்ணியவான்கள் சேர்த்து வைத்த பேர் அது. எங்கள் வண்டி ஓடுவது பெட்ரோலில். நாங்கள்தான் கேஸில் ஓடுகிறோம். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ஸ்டேஷன் பக்கம் நின்றிருந்த லக்னோ சுற்றுலாப் பெட்டியில், சமைக்க எடுத்து வந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். அதிலிருந்து எங்கள் வண்டியில் ஓடும்போது ரெகுலேட்டர் தனி, சிலிண்டர் தனி. வண்டி நின்று, எல்லாரும் இறங்கி, அடுப்பைத் தரையில் வைத்த பிறகுதான் இரண்டும் சேரும். இதில் மட்டும் எனக்கு வேடிக்கை கிடையாது.

சரி, இன்ஜின். 796 சிசி, மூன்று சிலிண்டர். இருக்குமிடம் முன் சீட்டுக்கு அடியில். மற்ற கார்களில் பானெட்டைத் திறந்து ஆயில் பார்ப்பார்கள். இதில் முதலில் மாமனாரைத் திறக்கவேண்டும். இடது பக்க முன் சீட் அவருடையது. அவரை இறக்கி, துண்டை எடுத்து, வெற்றிலைப் பையை எடுத்து, சீட்டைத் தூக்கினால் இன்ஜின் தெரியும். “ஆயில் இருக்கும் மாப்ளே, எனக்குக் கீழேதான இருக்கு, எனக்குத் தெரியாதா” என்பார். ஒருவகையில் உண்மைதான். ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் டாஷ்போர்டு முள் ஏறுவதற்கு முன் அவர் நெளிய ஆரம்பித்துவிடுவார். அக்னி நட்சத்திரத்தில் மேலே தகரம், கீழே இன்ஜின், நடுவில் அவர். ஆனாலும் அந்த சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பெட்ரோலிலும் இப்போது பெட்ரோல் மட்டும் இல்லை. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளின் பாகங்கள் இதைத் தாங்குமாம். அதற்கு முன்னால் வந்த வண்டிகள் பழகிக்கொள்ள வேண்டியதுதான். “ஹோஸ் பூராம் ஊறிப் போச்சுண்ணே, மாத்திருவோம்” என்கிறார் பட்டறைக்காரர். என் வண்டி 20 வயசுக்கு மேல் குடிக்க ஆரம்பித்திருக்கிறது. கேட்டால் நாட்டுக்காக என்கிறார்கள். கரும்பிலிருந்து எடுப்பது, விவசாயிக்கு நல்லதுதானே என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், இங்கே அலங்காநல்லூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை வருஷக்கணக்கில் அரவை இல்லாமல் கிடக்கிறது. ஆலையைத் திறக்கச் சொல்லி விவசாயிகள் போராடிக்கொண்டிருக்கிறார்கள். எந்த ஊர்க் கரும்பு என் டேங்கில் ஓடுகிறதோ!

டீசல் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் மரத்தைச் சொல்லிவிடவேண்டும்.

ராமேஸ்வரம் ரோட்டில் சாப்பாட்டுக்கு நிறுத்த ஒரு மரம் வேண்டும். ஓட்டலில் சாப்பிடலாமே என்று கேட்பவர்கள் இந்தக் கட்டுரையை இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். விரகனூர் ரவுண்டானாவைத் தாண்டியதும் மாமனார் கண்ணாடியை மாட்டிக்கொள்வார். “நிழல் பார்த்து நிறுத்துங்க மாப்ளே.” மணி பத்தரைதான் ஆகியிருக்கும். சிலைமான் பக்கம் நல்ல வேம்பு ஒன்று வரும். “இன்னும் வீட்டு வாசலே தாண்டல, அதுக்குள்ள சோறா?” என்பார் அத்தை. நியாயம். திருப்புவனம் தாண்டி ஒரு புளியமரம். “புளி நிழல் உடம்புக்கு ஆகாது” என்று அத்தை. “எங்கப்பாரு புளியமரத்தடியிலதான் வாழ்நாள் பூராம் தூங்குனாரு” என்று மாமனார். “அதான் அம்பதுல போயிட்டாரு” என்று அத்தை. இந்த வழக்கு முடிவதற்குள் மரம் பின்னால் போயிருக்கும். அடுத்து ஓர் அரச மரம். பிரமாதமான நிழல், சுத்தமான தரை. இறங்கப் போனால் மரத்தில் மஞ்சள் துணி, அடியில் வேல், பக்கத்தில் முறைத்துப் பார்க்கும் கருப்பசாமி. சாமி இடத்தில் எச்சில் படக்கூடாது. கும்பிட்டு, திருநீறு பூசி, வண்டியை எடுப்போம்.

திருப்பாச்சேத்தி சுங்கச்சாவடியில் கூரை போட்ட நிழல் தாராளமாக இருக்கிறது. காசும் வாங்குகிறார்கள். ஆனால் உட்காரவிட மாட்டார்கள்.

அதைத் தாண்டினால் வரும் ஒரு மரம் எல்லாப் பொருத்தமும் உள்ளது. அகலமான நிழல், வண்டியை இறக்க மண்பாதை, அந்தப் பக்கம் கண்மாய்க் காற்று. அதன் அடியில் எப்போதும் வேறொரு குடும்பம் இருக்கும். வேறு வேன், வேறு ஜமுக்காளம். நாங்கள் வேகத்தைக் குறைத்துப் பார்ப்போம். அவர்கள் வாய் நிறையச் சோற்றோடு எங்களைப் பார்ப்பார்கள். ‘எந்திரிக்கிற மாதிரி இருக்காங்களா?’ என்று அத்தை எட்டிப் பார்ப்பார். அவர்கள் அப்போதுதான் இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். “எந்த ஊர்க்காரய்ங்களோ, விடியாலயே வந்து பிடிச்சிருக்காய்ங்க” என்று மாமனார் பல்லைக் கடிப்பார். அது எங்கள் மரம் என்று எங்களுக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. தோன்றிவிடுகிறது.

இன்னொரு வகை மரம் உண்டு. எதிர்ப்பக்க மரம். நம் பக்கம் பொட்டல், அந்தப் பக்கம் ஆலமரம், நடுவில் தடுப்பு. தடுப்பில் அரளிச் செடி. ஆடு மாடு கடிக்காது என்று பார்த்து வைத்திருக்கிறார்கள். மனுஷனுக்கும் ஆகாது. திரும்ப வேண்டுமென்றால் கிலோமீட்டர் கணக்கில் போய் யு டர்ன் அடிக்கவேண்டும். ஒருமுறை அடித்தும் பார்த்தோம். வந்து சேர்ந்தபோது நிழல் நகர்ந்து கிணற்று மேட்டுக்குப் போயிருந்தது. “சூரியன் அங்கிட்டு போயிருச்சு மாப்ளே, நீங்க கொஞ்சம் மெரட்டி ஓட்டியிருக்கணும்” என்றார் மாமனார். 37 குதிரைகூட இல்லாத இன்ஜினை எதைக் காட்டி மிரட்டுவது?

மானாமதுரைக்கு அப்பால் பேச்சே இல்லை. சீமைக் கருவேலம். கண்ணுக்கு எட்டியவரை பச்சை. நிழல் மட்டும் சல்லடையில் சலித்த மாதிரி விழும். கீழே முள். டயருக்கு முதலில், காலுக்கு அப்புறம்.

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ராணி மங்கம்மாள் சாலை போட்டார், சத்திரம் கட்டினார், வழிநெடுக மரமும் வைத்தார் என்று இந்தப் பக்கம் இன்னும் சொல்வார்கள். சத்திரம் மதுரை ஸ்டேஷன் எதிரில் இன்றைக்கும் நிற்கிறது. சித்திரைத் திருவிழாவுக்குக் கூண்டு வண்டி கட்டி வந்த சனங்கள் அழகர்கோவில் ரோட்டிலும் வைகைக் கரையிலும் மரத்துக்கு மரம் அவிழ்த்துவிட்டுப் பொங்கித் தின்றிருக்கிறார்கள். சக்கரம் வைத்த வீடு நமக்குப் புதுசே கிடையாது. நாலு வழிச்சாலைக்காக அந்தப் புளியமரங்களை அறுத்துச் சாய்த்தபோது, ஒன்றுக்குப் பத்தாக நடுவோம் என்றார்கள். பத்தையும் அரளியாக நட்டால் கணக்குச் சரியாகத்தான் வரும். மரத்தை வெட்டியவனுக்கு ஒரு வரியும் இல்லை. மரம் தேடி அலைகிறவன் வண்டிக்குத்தான் பசுமை வரி.

கடைசியாகப் போனபோது பரமக்குடிக்குப் பக்கத்தில் மேம்பாலத்துக்கு அடியில் நிறுத்தினோம். மணி மூன்று. பிள்ளைகள் பசியில் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். கான்கிரீட் நிழல், நகராத நிழல், எச்சில் பட்டால் கோபித்துக்கொள்ளும் சாமி இல்லாத நிழல். தலைக்கு மேல் லாரி போகும்போதெல்லாம் தூக்குச் சட்டி மூடி ஆடியது. அத்தை அப்பளம் பொரிக்க ஆரம்பித்ததும் ரோந்து வண்டி ஒன்று வந்து நின்றது.

“இங்கெல்லாம் அடுப்புப் பத்தவைக்கக் கூடாதுங்கய்யா” என்றார் இறங்கியவர்.

“அப்ப மரம் எங்க இருக்குன்னு சொல்லுங்க, போறோம்” என்றார் மாமனார்.

அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு யோசித்தார். சத்திரக்குடிப் பக்கம் ஒன்று சொன்னார். “அது போன வருஷமே போச்சே” என்றார் மாமனார். பார்த்திபனூர் விலக்கில் ஒன்று என்றார் அவர். “அது எந்தப் பக்கம்?” எதிர்ப்பக்கம்தான். இருவரும் பாலத்துத் தூணில் சாய்ந்துகொண்டு, ராமநாதபுரம் வரைக்கும் இருந்த மரங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது எப்போது போனது என்று பேசிக்கொண்டே இருந்தார்கள். அதற்குள் அப்பளம் தீர்ந்துவிட்டது.