புண்ணியம் தாளில், எண்ணெய் டேங்கரில்

உலகின் பாமாயிலில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் விளைகிறது. அதற்காகச் சுமத்ராவிலும் போர்னியோவிலும் காடு அழிந்தது ஊரறிந்த சங்கதி. 2004-இல் தோட்டக்காரர்கள், வணிகர்கள், வங்கிகள், சூழல் அமைப்புகள் எல்லாம் கூடி 'நீடித்த பாமாயிலுக்கான வட்டமேசை'யை அமைத்தன. வட்டமேசைக்குத் தலைப்பக்கம் கிடையாது. ஆகவே பொறுப்பு யாருடையது என்று தேடுவது கொஞ்சம் சிரமம்.

அந்த அமைப்பின் சான்றிதழில் நான்கு வகை. முதல் இரண்டில் சான்று பெற்ற எண்ணெய் தனியாகவே வரும், செலவு அதிகம். மூன்றாவதில் அதுவும் மற்றதும் ஒரே தொட்டியில் கலக்கும், கணக்கேட்டில் மட்டும் கலக்காது. நான்காவதுதான் உச்சம். பிஸ்கட் கம்பெனி எந்த எண்ணெயையும் வாங்கிக்கொள்ளலாம். எங்கோ ஒரு தோட்டம் ஒழுங்காக விளைவித்த எண்ணெயில் டன்னுக்கு ஒரு கிரெடிட் வீதம் காசு கொடுத்தால் போதும். தனித் தொட்டிக்கு வழியில்லாத சிறு விவசாயிக்கு இதில் நாலு காசு கிடைக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பாமாயிலை மிக அதிகமாக இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. இங்கே கடையில் கேட்கும் கேள்வி லிட்டர் என்ன விலை என்பதுதான். கிரெடிட் வாங்கும் சிரமம்கூடப் பெரும்பாலான கம்பெனிகளுக்கு இல்லை.